தலைகீழ் மயில்

ஆரணியில் பானுப்ரியா வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். ‘தலகீழ் மயில்’ வீடு என்றால் டீக்கடையிலேயே வழி சொல்லிவிடுவார்கள். அந்தப் பட்டத்தைத் தெருவெல்லாம் பரப்பிய புண்ணியவான் வேறு யாருமில்லை, கட்டிய புருஷன் சிவகுமார்தான்.

சிவகுமார் பட்டுத்தறி நெய்பவன். பானு தறியில் மாட்டும் டிசைன் அட்டை குத்துபவள். கட்டம் போட்ட தாளில் இருக்கும் மயிலையும் மாங்காயையும் வரிசை வரிசையாக எண்ணி, வரிசைக்கு ஓர் அட்டை என்று துளை போடுவாள். நெய்வது கீழிருந்து மேலே போவதால் தாளையும் அடியிலிருந்துதான் படிக்க வேண்டும். பதினோரு வருஷம் கட்டம் எண்ணியதில் புதிர்ப் பைத்தியமும் பிடித்துக்கொண்டது. அடுப்பில் பால் பொங்கி வழியும், இவள் போனில் கட்டம் நிரப்பிக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் சென்னையில் மாநிலப் புதிர்ப் போட்டி. முதல் மூன்று பேருக்குத் தேசியப் போட்டி. கடைசிக் கேள்வி படப்புதிர். எந்த வரிசையில், எந்தப் பத்தியில் எத்தனை கட்டம் கறுப்பு என்று தனியாக ஒரு பட்டியல் கொடுப்பார்கள்; சரியாக நிரப்பினால் படம் வரும். ஒன்றாம் வரிசை என்றால் ஊர் உலகத்துக்கெல்லாம் மேல்வரிசை. அட்டை குத்துகிறவளுக்கு அடிவரிசை. எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுப் பெருமையாக எழுந்தாள். அவள் மயில் காலை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பூஜ்யம், அவளுக்கு நான்காம் இடம்.

ஒரு வருஷம் மேலிருந்து நிரப்பிப் பழகினாள். கை கேட்டால்தானே! இந்த முறையும் தோற்றால் புதிரையே தொடுவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

கடைசிப் புதிர் வந்தது. இருபது நிமிஷம். மேலிருந்து தொடங்கியவள் எட்டு நிமிஷத்தில் சிக்கிக்கொண்டாள். அழுகை வந்தது. கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்திருந்த கட்டத்தாளைச் சட்டென்று இழுத்து, தன் வழக்கப்படியே அடியிலிருந்து நிரப்ப ஆரம்பித்தாள். கை பறந்தது.

அந்தப் பக்கம் வந்த மேற்பார்வையாளர் அமலா மனசு கேட்காமல் குனிந்தார். “மேடம், யானை தலகீழா இருக்குது.”

“தெரியும்ங்க. இனிமேதான் அட்ட குத்தணும்.”

ஒரு தாளில் இருப்பதை வரிசை வரிசையாக இன்னொன்றில் இறக்குவதுதானே இவள் பிழைப்பு! அடிவரிசையை எடுத்து விடைத்தாளின் மேல்வரிசையில் போட்டாள். அடுத்ததை அதன் கீழே. மணி அடித்தபோது யானை நான்கு காலில் நின்றது.

முடிவு சொன்னதும் ஊருக்குப் போன் போட்டாள். சிவகுமார் தறியை நிறுத்திவிட்டு எடுத்தான்.

“இந்த வாட்டி நேரா நின்னுச்சா?”

“நின்னுச்சுங்க. ரெண்டாவது எடம்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“என்னாங்க, அழுதுகினு இருக்கீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றான். “இனிமே உன்ன என்னா சொல்லிக் கூப்புடறதுன்னுதான் பேஜாரா இருக்குது.”