ஈயக்குட்டைக் கரையில் நட்ட கல்

மத்தியானச் சங்கு ஊதி, நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்த நேரத்தில் செய்தி வந்தது. ரயில் பட்டறை வாசலில் குப்பை வண்டிக்காரர் ஒருவர் தலைத்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். "மண்டோர் போயிட்டாருங்க. காலையில கல்லுகிட்ட உக்காந்தவரு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல" என்றார். தூக்கை மூடி வைத்துவிட்டு அவரோடு நடந்தேன். 

வீராசாமி மண்டோரை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். கோலாலம்பூர் நகரத்துக் குப்பை வண்டிகளுக்கு மேற்பார்வையாளர். வேலையின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நம் சீர்திருத்தச் சங்கத்தில் உறுப்பினராகவும் இருந்தார். மூடநம்பிக்கையைப் பற்றி மேடையில் அவர் பேச ஆரம்பித்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். பிறகு அவரை நாம் நீக்கினோம். காரணமும் உங்களுக்குத் தெரியும். அவரை எடுத்த அன்று சங்கத்தார் சிலர் வந்திருந்தீர்கள். மேளத்துக்கும் சூடத்துக்கும் ஒதுங்கி, குடை பிடித்துக்கொண்டு தள்ளி நின்றீர்கள். "நல்ல மனுஷன், கடைசியில பூசாரியாப் போயிட்டாரு" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மண்டோர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் விடவும் மாட்டார். பிரிக்பீல்ட்ஸில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் வீட்டில் மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் எச்சில் இலையையும் பின்பக்கச் சாக்கடையில் தள்ளிவிடுவது வழக்கம். மழை பெய்தால் அது தெருவெல்லாம் மிதக்கும். மண்டோர் அந்த வாசலில் போய் நின்றார். "ஐயா, கூடை வச்சிருக்கோம். அதுல போட்டா வண்டி எடுத்துக்கும்" என்றார். "உனக்குச் சம்பளம் எதுக்குக் குடுக்கிறாங்க?" என்று கிராணி கேட்டார். "வாரிப் போடறதுக்குக் குடுக்கிறாங்க ஐயா. நீங்க போடாம இருக்கறதுக்கு யாரும் எனக்குச் சம்பளம் குடுக்கல. அதை நான் சும்மாதான் கேட்கிறேன்." கிராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து இலை கூடைக்குப் போனது.

வீட்டுக் குப்பையை இப்படிப் பேசிச் சமாளித்தார். தொழிற்சாலைக் கழிவு பேச்சுக்குக் கட்டுப்படவில்லை.

கிள்ளான் சாலைப் பக்கம், ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட இரண்டு குட்டைகள் இருப்பதை அறிவீர்கள். பெரியதில் நகரத்துக் குப்பையைக் கொட்டி மேடாக்கிக்கொண்டிருக்கிறார்கள். சின்னதை யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே சரிவில் குப்பை வண்டிக்காரர்கள் குடியிருக்கும் லயம். மண்டோரின் வீடும் அந்த வரிசையில்தான். லயம் முழுவதற்கும் ஒரே கிணறு. பக்கத்தில் ரப்பர் தொழிற்சாலை ஒன்று வந்தது. பால் உறைய ஆசிட் ஊற்றுவார்கள். உறைந்த பிறகு மிஞ்சுகிற புளித்த தண்ணீரை, அதை அகற்றக் குத்தகை எடுத்த கொந்தராத்துக்காரர் ஒருவரின் மாட்டு வண்டிகள் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து சின்னக் குட்டையில் கவிழ்த்தன. முதலில் மீன் செத்து மிதந்தது. அப்புறம் கிணற்றுத் தண்ணீரில் வாடை வந்தது.

மண்டோர் முதலில் கொந்தராத்துக்காரரிடம் போனார். "குட்டை உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று பதில் வந்தது. குப்பை வண்டிகளுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரத் துரையிடம் போனார். அவை உன் வண்டிகள் அல்ல, உன் வேலையைப் பார் என்று அவர் சொல்லி அனுப்பினார். கடைசியாக நம் சங்கத்துக்கு வந்தார். படித்தவர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் மேலே இருப்பவர்கள் கேட்பார்கள் என்று நம்பி வந்தார். நாம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினோம். கைதட்டினோம். காப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம். அந்தத் தீர்மானம் சங்கத்து அலமாரியைத் தாண்டவே இல்லை.

அதற்குப் பின் வந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் கல் முளைத்தது. பீப்பாய் கவிழ்க்கிற இடத்தில் சரியாக ஒரு கருங்கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சாத்தியிருந்தது. பக்கத்தில் எலுமிச்சம்பழம் குத்திய சூலம். முதலில் வந்த வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு இறங்கினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பீப்பாயோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். யார் சொல்லியும் கேட்காத கொந்தராத்துக்காரரே மறுநாள் வந்து தேங்காய் உடைத்தார். கழிவு தூரத்துச் சதுப்புக்குப் போக ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் கிணற்றில் வாடை குறைந்தது.

கல்லை நட்டவர் மண்டோர்தான். மேடையில் அவ்வளவு பேசிய மனிதர், வேறு வழி தெரியாமல் தன் கையாலேயே நட்டார். ஆனால் ஒன்றை அவர் யோசிக்கவில்லை. சாமி இருக்கிற இடத்துக்கு ஜனங்கள் வருவார்கள்.

லயத்துப் பெண்கள் பால் செம்போடு வந்தார்கள். பிள்ளைகளைக் குட்டையில் முக்கி எடுத்தார்கள். உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தித் தீர்த்தமாகக் குடித்தார்கள். "ஆத்தா வந்து உக்காந்ததும் தண்ணி கண்ணாடியாட்டம் ஆயிடுச்சு பாருங்க மண்டோர்" என்று வண்டிக்காரர் மனைவி பாக்கியம் அவரிடமே சொன்னாள். தண்ணீர் தெளிந்துதான் இருந்தது. பாசி இல்லை, தவளை இல்லை, ஒரு புழுகூட இல்லாத தெளிவு. எல்லா உயிரையும் ஆசிட் கொன்றுவிட்ட தெளிவு அது என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பாக்கியத்தின் சின்ன மகளுக்குத்தான் முதலில் நோய் வந்தது. உதடு வெந்து, ஓயாமல் வாந்தி எடுத்தாள். தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறெங்கும் போகவில்லை, நேராகக் கல்லுக்குத்தான் ஓடிவந்தாள். குட்டையில் ஒரு செம்பு மொண்டு குழந்தையின் வாயில் ஊற்றப் போனாள். மண்டோர் பாய்ந்து செம்பைத் தட்டிவிட்டார். சுற்றி நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். கல் வெறும் கல் என்று சொன்னால் பிள்ளை பிழைக்கும், மறுநாளே பீப்பாய் வண்டி வரும், லயத்துக் கிணறு நாசமாகும். சொல்லாவிட்டால் எல்லாரும் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள். யோசிக்க நேரமில்லை. "ஆத்தா கோபமா இருக்கா. குட்டையில யாரும் கால் வைக்கக் கூடாது, ஒரு சொட்டு மொள்ளக் கூடாது. தீர்த்தம் என் கையால மட்டும்தான் வாங்கணும். எனக்குச் சொப்பனத்துல சொல்லிட்டா" என்றார். கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்து, குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குழந்தை தேறிவிட்டது. அதோடு அவர் தப்பிக்க முடியாமல் போயிற்று. ஊரே அவரைப் பூசாரி என்றது.

அன்று முதல் காலையும் மாலையும் கரையில் உட்கார்ந்தார். கிணற்றில் இறைத்த தண்ணீரைச் சொம்பில் வைத்துக்கொண்டு, குட்டைத் தீர்த்தம் என்று சொல்லிக் கொடுத்தார். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டார். அந்த நெற்றியோடுதான் நம் கூட்டத்துக்கும் வந்தார். தலைவர் விளக்கம் கேட்டபோது, "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார். கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினீர்கள். நீக்கியாயிற்று.

நான் அன்று கை தூக்கவில்லை. அவருக்குப் பரிந்து பேசவும் எனக்கு ஒன்றும் தெரியாது. கூட்டம் முடிந்து இருவரும் வீட்டுக்கு நடக்கும்போது, தண்டவாளத்தைத் தாண்டியதும், அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். "இதை அப்பவே அங்க சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன்.

"சங்கத்துல சொன்னா நாளைக்குக் காலையில பாசார் கடைத்தெரு முழுக்கத் தெரிஞ்சுடும் தம்பி. நம்ம ஆளுங்க ரகசியத்தைக் காப்பாத்துற லட்சணம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப எத்தனை நாளைக்கு இப்படி?"

"தொழிற்சாலை இருக்கற வரைக்கும்."

தான் உயிரோடு இருக்கும் வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

கிள்ளானில் அவர் மகளின் கல்யாணத்துக்கு அவரோடு நானும் போயிருந்தேன். தாலி கட்டியதும், பந்தியில்கூட உட்காராமல் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். மாலையில் பெண்கள் தீர்த்தத்துக்கு வருவார்கள், ஆளைக் காணோம் என்றால் தாங்களே இறங்கி மொள்ளுவார்கள் என்ற பயம். சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். "பெத்த பொண்ணைவிட அந்தக் கல்லு பெருசாப் போச்சு உங்களுக்கு" என்று அவர் மனைவி எல்லார் முன்னாலும் சொல்லி அழுதாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவர், பாதி வழியில் சொன்னார். "ஜெயில்ல இருக்கறவனுக்காவது வெளிய விடற நாள் தெரியும் தம்பி. நான் பூட்டை நானே செஞ்சு, நானே பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்." அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் கோலாலம்பூரை விட்டு ஒரு நாளும் வெளியே போகவில்லை. பேரன் பிறந்தபோதும் மகள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். சாமி கும்பிடாத மனிதர், அதே கல்லின் அடியில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார்.

அவருக்கு அனுதாபக் கூட்டம் நடத்தப்போவதாகவும், படம் திறக்கலாமா என்று ஆலோசிப்பதாகவும் கேள்விப்பட்டேன். படம் வேண்டாம். அன்று அவர் கேட்ட மனுவை இன்றாவது எழுதுங்கள். தொழிற்சாலை தன் கழிவுத் தண்ணீரைத் தன் நிலத்திலேயே குழி வெட்டித் தேக்கட்டும். சதுப்பிலும் கொட்ட வேண்டாம், அங்கேயும் நாளைக்கு யாராவது குடிசை போடுவார்கள். அந்த உத்தரவு வருகிற நாளில் கல்லை நாம் எல்லாரும் சேர்ந்தே பிடுங்கலாம். அதுவரை இதை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கிறவர்கள் யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போவதில்லை. குடிக்கிறவர்களுக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் எழுத்து தெரியாது. தயவுசெய்து யாரும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

நேற்று மாலை வேலை விட்டதும் குட்டைப் பக்கம் போனேன். பாக்கியம் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பின்னால் இன்னும் சில பெண்கள். "பூசாரி போயிட்டாரு. இனி யாரு தீர்த்தம் குடுப்பா? நாங்களே மொண்டுக்கலாமான்னு நிக்கிறோம் அண்ணே" என்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சாலைத் திருப்பத்தில் பீப்பாய் ஏற்றிய வண்டி ஒன்று நின்றிருந்தது. வண்டிக்காரர் கீழே இறங்கி, ஆளில்லாத கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா சொன்னது மாறலம்மா. யாரும் இறங்காதீங்க. தீர்த்தம் இனிமே நான் குடுக்கிறேன்" என்றேன்.

வண்டி திரும்பிப் போயிற்று. வீராசாமி மண்டோரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவர் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான். இன்று காலை நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போய்க் கல்லருகே உட்கார்ந்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். அடுத்த கூட்டத்தில் என் பெயரையும் நீக்கிவிடுங்கள்.