ஓடைக்காட்டில் மூன்றடிக் குழி

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்து ஷர்மிளா மேடம். என் சின்ன மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் உத்தமபாளையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. “அக்கா, ஓடையோரத்து மண்ண மேலாகப் பாத்து நம்பிராதீக. பத்தடி நடந்தா வேற மண்ணு, ஒரு முழம் தோண்டினா வேற மண்ணு” என்றார். என் மூத்த மகனைவிட இளையவர். நான் படித்தது எட்டாம் வகுப்பு. சீசா கழுவவும் கூட்டவும்தான் சேர்ந்தேன். இப்போது காடு காடாகப் போய் மண் எடுத்து வருவதே என் வேலை.

மண் எடுக்கிற வேலையில் பாதி மம்பட்டி, மீதி பேச்சு. பஸ்ஸில் மண்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நல்ல சேலை கட்டிய மண்

தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு வைத்திருக்கிறவர் கருப்பையா அண்ணன். அவரும் அவர் மனைவி ஒச்சம்மாளும் நாற்பது ஆடு மேய்க்கிறார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் பை நிறைய மண்ணோடு வந்தார். ஆடுகள் மொத்தத்தையும் விற்றுவிட்டு, போர் போட்டு, மூன்று ஏக்கரிலும் எலுமிச்சை வைக்கப் போகிறாராம். ஆட்டு வியாபாரி சனிக்கிழமை வண்டியோடு வருகிறார். அதற்குள் மண் நல்ல மண் என்று எழுதித் தந்தால் போதும்.

பையைத் திறந்தேன். மண் கருகருவென்று, பொலபொலவென்று இருந்தது. ஆனால் வாசம் வேறு மாதிரி. கையில் எடுத்து மோந்து பார்த்தேன். ஆட்டுப் புழுக்கை. “அண்ணே, இத எங்கன எடுத்தீக?” என்றேன். “கிடை போட்ட எடத்துலதான்” என்றார், ஒளிக்காமல். ராத்திரியெல்லாம் ஆடு அடைந்து கிடக்கிற இடம் அது. அங்கே எடுத்தால் எந்தக் காடும் வளமான காடுதான்! “காட்டுல மத்த எடமும் இருக்குல்ல அண்ணே, அது எப்படியிருக்குன்னு நாங்க பாக்க வேணாமா?” என்றேன். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“ஏம்மா, வீட்டுக்கு ஆளு வாறாகன்னா பொண்ணுக்கு நல்ல சேலையத்தானே கட்டிவிடுவோம், கிழிஞ்சதையா கட்டிவிடுவோம்?”

பாதியை வீசுகிறவள்

மறுநாள் நானே போனேன். தேவாரத்தில் இறங்கி ஒரு மணி நேர நடை. இரண்டு பக்கமும் மொட்டை மலை, நடுவில் தண்ணீரில்லாத ஓடை. மழை வந்தால் ஒரே நாளில் மலையைச் சுரண்டிக்கொண்டு வரும். மறுநாள் பொட்டுத் தண்ணீர் இருக்காது. மலையடியில் வேகமாக வரும்போது கல்லையும் சரளையையும் போட்டுவிடும். ஓடைக்கரையில் மணலைப் போடும். கரை தாண்டித் தேங்கி நிற்கிற இடத்தில்தான் மாவு மாதிரி வண்டல் படியும். ஆகக்கூடி அந்த மூன்று ஏக்கருக்குள் மூன்று ஊர் மண் இருந்தது.

ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பத்து இடத்தில் வெட்டி, சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலு பங்காகக் கோடு போட்டேன். எதிரெதிர் பங்கு இரண்டையும் தள்ளிவிட வேண்டும். மீதியைத் திரும்பக் கலந்து திரும்பவும் தள்ள வேண்டும். கடைசியில் ஒரு சின்னப் பை அளவு நிற்கும். அதுதான் முறை. இதையெல்லாம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார் ஒச்சம்மாள்.

“வெயில்ல வந்து வெட்டுறதும் நீ, வெட்டுனதுல பாதிய வீசுறதும் நீ, எங்க மண்ணு ஒனக்கு அம்புட்டு எளப்பமா ஆத்தா?”

கணீர்

மேல்மண் எடுத்ததோடு கிளம்பியிருக்கலாம். மரம் வைக்கிற காட்டுக்கு மேல்மண் மட்டும் போதாது. வேர் போகிற ஆழத்துக்குப் பார்க்க வேண்டும். மூன்றடிக் குழி வேண்டும் என்றேன். கருப்பையா அண்ணனுக்குக் கோபம். “சனிக்கிழம ஆளு வாறாருங்கிறேன், நீ கெணறு வெட்டணும்ங்கிறியே!” என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் வழக்கம்போல நெற்றியில் சிலுவை போட்டு, ‘மாதாவே, இந்தக் குடும்பத்துக்கு எது உண்மையோ அதைக் காட்டும்’ என்று சொல்லிவிட்டு மம்பட்டியை எடுத்தேன். மேட்டுப் பக்கம்தான் முதல் குழி. சமமான, பார்க்க அழகான இடம். எலுமிச்சைக்கு அண்ணன் குச்சி ஊன்றி வைத்திருந்ததும் அங்கேதான். ஒன்றரை அடி வரைக்கும் மம்பட்டி சுகமாக இறங்கியது. அதற்குக் கீழே கடப்பாரை போட்டால் கணீர் என்றது. வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல். மழைத் தண்ணீர் கரைத்துக் கொண்டுபோன சுண்ணாம்பு, அதற்கும் கீழே இறங்க முடியாமல் அங்கேயே தங்கித் தங்கி இறுகிப்போனது. பையிலிருந்த ஆசிட் சீசாவை எடுத்து இரண்டு சொட்டு விட்டேன். பால் பொங்குகிற மாதிரி நுரைத்தது.

கணீர் சத்தம் கேட்டு எழுந்து வந்த அண்ணன் அந்த நுரையைப் பார்த்தார். இந்த இடத்தில் எலுமிச்சை வைத்தால் இரண்டு வருடம் நன்றாகத்தான் நிற்கும், வேர் இந்தச் சுண்ணாம்பைத் தொட்டதும் இலை மஞ்சளாகிவிடும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் குச்சிகளைப் பார்த்தார். அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைப் பார்த்தார்.

“ரெண்டு வருசம் கழிச்சுன்னா, அப்ப என் கையில ஆடும் இருக்காதே மேரியம்மா.”

ஒச்சம்மாள் படித்த மண்

அந்தக் குழிக்குப் பிறகு யாரும் என்னைத் தடுக்கவில்லை. எங்கே தோண்டலாம் என்று ஒச்சம்மாளிடமே கேட்டேன். “கோடையில கடைசி வரைக்கும் எங்கன புல்லு பச்சையா நிக்குதோ அங்கன தோண்டு. ஆடு அங்கனதான் வந்து நிக்கும்” என்று பள்ளத்துப் பக்கம் கூட்டிப்போனார். கருப்பையா அண்ணனே மம்பட்டியை வாங்கி வெட்டினார்.

மூன்றடி போயும் கல் தட்டவில்லை. குழியின் பக்கச் சுவர் அடுக்கடுக்காக இருந்தது: ஒரு சாண் வண்டல், ஒரு விரல்கடை மணல், திரும்பவும் வண்டல், திரும்பவும் மணல். அடியில் பிடித்த மண் கையில் சில்லென்றது. தண்ணீர் தொட்டுப் பிசைந்து உருட்டினேன். முறுக்கு மாதிரி நீண்டு, வளைத்ததும் உடைந்தது. ரொம்பக் களியும் இல்லை, வெறும் மணலும் இல்லை. ஆசிட்டுக்கு லேசாகத்தான் நுரைத்தது. ‘ஸ்தோத்திரம்’ என்று என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

ஒச்சம்மாள் குழிக்குள் இறங்கி, இரண்டாவது மணல் அடுக்கை விரலால் தடவினார். பிறகு தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்துச் சொன்னார்:

“இது நம்ம மூத்தவன் வயித்துல இருக்கயில வந்த வெள்ளம், நீ கொட்டாய்க் கூரையத் தூக்கிக்கிட்டு ஓடுனியே, அது!”

சனிக்கிழமை

எடுத்த மண்ணையெல்லாம் நிழலில் உலர்த்திச் சலித்துக் கொடுத்தேன். ஷர்மிளா மேடம் எனக்காக அவசரம் அவசரமாகப் பார்த்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்வள அட்டை போட்டுக் கொடுத்தார். மேட்டு இரண்டு ஏக்கரில் அடியில் சுண்ணாம்பு அதிகம். பள்ளத்து ஒரு ஏக்கர் எலுமிச்சை தாங்கும், ஓடைப்பக்கம் மட்டும் கரை போட வேண்டும். தபாலில் விட்டால் எப்போது போய்ச் சேருமோ? சனிக்கிழமை விடியற்காலைப் பூசை முடித்த கையோடு நானே பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் ஜெபமாலைதான். அட்டை சரியாக இருக்க வேண்டுமே என்று இல்லை, வண்டிக்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டுமே என்று.

நான் போனபோது வண்டி வந்து நின்றிருந்தது. ஆடுகள் இன்னும் பட்டிக்குள்தான். அண்ணனுக்கு அட்டையைப் படித்துச் சொன்னேன். அவர் ஒச்சம்மாளைப் பார்த்தார். ஒச்சம்மாள் பட்டிப் படலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். பேசிப் பேசி, பத்துக் கிடாய் மட்டும் வண்டி ஏறியது. முப்பது ஆடு நின்றது. பள்ளத்துக்கு எலுமிச்சை, மேட்டுக்குப் புல்லும் ஆடும் என்று முடிவானது. முக்கால்வாசி காலி வண்டியோடு போகிற கடுப்பில் வியாபாரி என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது:

“நாங்க ஆட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாத்துத்தான் வாங்குவோம், இந்தம்மா பூமிக்கே பல்லப் புடிச்சுப் பாக்குறாக!”

மோசமான மண்

மூன்று வருடம் கழித்துப் போன மாதம் ஒச்சம்மாள் கூடத்துக்கு வந்தார். முந்தானையில் எலுமிச்சம்பழம், முதல் காய்ப்பு. மேட்டில் ஆடு திரும்ப நாற்பதைத் தாண்டிவிட்டதாம். மேடத்துக்கு நாலு, எனக்கு நாலு, எங்கள் வீட்டு மாதா படத்துக்கு ஒன்று என்று எண்ணி வைத்தார். ஷர்மிளா மேடம் ஒரு பழத்தை மோந்து பார்த்துவிட்டு, “அக்கா, இது என் மிஷின் கண்டுபிடிச்சது இல்ல, உங்க மம்பட்டி கண்டுபிடிச்சது” என்றார். கர்வம் பாவம் என்று எனக்குத் தெரியும். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு ஒரு நாள் முழுக்கக் கர்வமாகவே இருந்தேன்.

கிளம்பும் முன் ஒச்சம்மாள் கூடையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து என் மேசையில் வைத்தார். உள்ளே வெளுத்துப்போன, உப்புப் பூத்த மண். பக்கத்தில் ஒரு துண்டு நிலம் குத்தகைக்குப் பிடிக்கப் போகிறார்களாம்.

“இந்தா ஆத்தா, அந்தக் காட்டுலயே ஆக மோசமான மண்ணாப் பாத்து எடுத்துட்டு வந்திருக்கேன், மொதல்ல இதப் பாரு.”

எட்டாவதோடு நின்ற எனக்குக் கடவுள் கொடுத்த பாடப்புத்தகம் மண்ணுதான், அதையும் குனிந்து தோண்டித்தான் பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: எங்களிடம் மண் கொண்டு வரும்போது, காட்டுகிறதற்கு நீங்கள் கூச்சப்படுகிற இடத்திலிருந்தும் ஒரு கைப்பிடி தனிப்பையில் கட்டிக் கொண்டு வாருங்கள்.