என் அளவுக்குச் செய்த கேம்பர்

மஸ்கட்டில் நர்ஸாக இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் பொறாமைப்பட்டது ஒரே ஒரு பொருளைப் பார்த்துத்தான். அங்கே வெள்ளிக்கிழமை லீவு என்பதால், வியாழக்கிழமை மாலையானால் ஜீப்புக்குப் பின்னால் ஒரு பெட்டி வண்டியை மாட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாக மணல்காட்டுக்குப் போவார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். கேம்பர் ட்ரெய்லர் என்று பெயர். டியூட்டி முடிந்து போகும் ஆஸ்பத்திரி பஸ்ஸின் ஜன்னல் வழியாக நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஹாஸ்டலுக்குப் போவேன்.

என் வீட்டுக்காரர் எங்கள் மகளோடு தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தார். எனக்கு வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. கூட்டிப் பார்த்தால் அந்த இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது இரண்டு வருஷம்கூட இல்லை. அதிலும் பாதி நாள் சொந்தக்காரர்கள் வீடு நிறைய உட்கார்ந்திருப்பார்கள். வேலை முடிந்து வந்ததும் ஒரு கேம்பர் வாங்கி, நாங்கள் இருவர் மட்டும் இமயமலை வரை போவது என்று போனில் பேசியே காலத்தை ஓட்டினேன். விட்டுப்போன குடும்ப வாழ்க்கையை, யாரும் கதவைத் தட்டாத ஓர் இடத்தில், கொஞ்சமாவது வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இமயமலை ஒரு சாக்கு.

போன வருஷம் ஊருக்கு வந்த கையோடு, சர்வீஸ் பணத்தில் முதலில் ஜீப் வாங்கினேன். ஓட்டுவது நான்தான். அவருக்கு ஸ்கூட்டருக்கு மேல் தைரியம் கிடையாது. பிறகு கேம்பர். பதிவு செய்ய அலையக் கூடாது என்று, முறையான பேப்பரோடு விற்கும் ஒரு கம்பெனியைத் தேடிக் கோயம்புத்தூர் போனோம். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் மாடலை விற்பவர் காட்டினார். மலையில் அது கெட்டுப்போனால் உங்களைத் தேடி நான் கோயம்புத்தூர் வரவா என்று கேட்டேன். லாரிக்குப் போடும் பட்டை ஸ்பிரிங்கே போதும், உடைந்தால் எந்த ஊர் லாரிப் பட்டறையிலும் மாற்றிக்கொள்ளலாம். அடிச்சட்டம் மட்டும் துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும் என்றேன். எங்கள் ஊர் உப்புக் காற்றில் வெறும் பெயின்ட் அடித்த இரும்பு ஒரு மழைக்காலம் தாண்டாது. ஜீப்போடு மாட்டும் கொக்கி எல்லாப் பக்கமும் திரும்புவதாகக் கேட்டு வாங்கினேன், குழியில் கேம்பர் சாய்ந்தாலும் ஜீப்பையும் சேர்த்துச் சாய்க்காது. கேட்டது முழுக்க நான். விற்பவர் என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்பிளை என்றால் வண்டி தெரிந்திருக்கும் என்று நினைப்பு. அவரும் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டினார்.

உள்பக்கம் காலியாகத்தான் வாங்கினோம். குளச்சலில் ஃபைபர் வள்ளம் செய்கிற ஒருவரிடம் உள்வேலையை ஒப்படைத்தேன். மண் ரோட்டில் ஒரு பொட்டுத் தூசி உள்ளே வரக் கூடாது என்று நான் சொன்னதும் அவர் சிரித்தார்.

“யக்கா, வள்ளத்துக்குள்ள தண்ணி வராம அடைக்கவனுக்குத் தூசியை அடைக்கத் தெரியாதா? நீங்க சும்ம இரிங்க.”

நான் எங்கே சும்மா இருந்தேன்? ஆறு மாதம் அவருடைய பட்டறையே கதி என்று கிடந்தேன். பின்பக்கம் இழுத்தால் வெளியே வரும் அடுப்பு மேடையை என் முழங்கைக்கு அளந்து வைக்கச் சொன்னேன். நான் குள்ளம், கல்யாணமான நாளிலிருந்து மாமியார் உயரத்துக்குக் கட்டிய அடுப்படியில் எக்கி எக்கி வேலை செய்தவள். என் மூட்டுவலிக்குத் தகுந்த உயரத்தில் இரண்டு பேருக்கான படுக்கை. உள்ளேயே ஒரு சின்னக் கக்கூஸ். தண்ணீர்த் தொட்டியை அடியில் கட்டி, கல் அடிக்காமல் ஒரு தகடு. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரங்களையும் திரைச்சீலைத் துணியையும் வடசேரிக் கடைகளில் அலைந்து வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் கேட்டது மூன்றே மூன்று. வண்டி வெள்ளை நிறத்தில் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். பக்கவாட்டுப் படி, ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் அகலத்துக்கு வேண்டும். சாயங்காலம் வெளியே நின்று பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து நான் உள்ளுக்குள் உருகிப்போனேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

எங்கள் சபையில் புது சைக்கிள் வாங்கினால்கூடப் போதகர் வந்து ஜெபம் பண்ணாமல் ரோட்டில் இறக்க மாட்டோம். கேம்பர் வந்த சனிக்கிழமை காலையில் போதகரும் சபைக் கமிட்டிக்காரர்கள் நான்கு பேரும் வந்தார்கள். நான் ஏத்தங்காய் சிப்ஸ் எடுத்து வைத்து, டீக்குத் தண்ணீரை ஏற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்தில் கண்ணை மூடி நின்றேன். போதகர் மழைக்கு நன்றி சொன்னார், வெளிநாட்டில் என்னைக் காத்ததற்கு நன்றி சொன்னார். பிறகு, “உமது அடியான் பொருத்தனை பண்ணினபடியே இந்த வாகனத்தைக் கிராம ஊழியத்துக்கென்று உமது சமுகத்தில் ஒப்புக்கொடுக்கிறோம், ஆண்டவரே” என்றார்.

எல்லோரும் ஆமென் என்றார்கள். என் வாயும் ஆமென் என்றது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய வாய், ஜெபம் ஓர் இடத்தில் நின்றால் தானாகச் சொல்லிவிடும். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது என்னவென்று மண்டையில் ஏறியது. கண்ணைத் திறந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் இன்னும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அவர்கள் டீ குடித்துப் போனதும் அடுப்படியில் வைத்துக் கேட்டேன். “என்னத்துக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல?”

“சொல்லணும்னுதான் நெனச்சேன் கேட்டியா. நீ ஆசையா ஓடி ஓடிச் செய்யும்போ எப்பிடிட்டி சொல்லுகது? பொறவு, நீயும்தான ஆமென் சொன்ன?”

எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த வடிகட்டியை அவர் மேல் எறிந்திருப்பேன். ஆனால் பொருத்தனை என்ற சொல் என்னைக் கட்டிப்போட்டது. ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டதை மாற்ற முடியாது. சில வருஷங்களுக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான் பக்கத்தில் இல்லை. ஊரார் இதயத்தை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், தன் புருஷன் நெஞ்சைப் பார்க்க வரவில்லை. உயிர் பிழைக்க வேண்டும் என்று அவர் அப்போது நேர்ந்திருந்தால் நான் எந்த வாயால் எதிர்த்துப் பேசுவது? அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டு, அழுதுவிட்டு, கேம்பரை ஜீப்பில் இழுத்துச் சபைக் கோயில் வளாகத்தில் கொண்டு நிறுத்தினேன். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் பண்ணும் ஊழியத்துக்கு வண்டி ஓட்ட வருகிறீர்களா அம்மா என்று போதகர் கேட்டார். மூட்டுவலி என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் ஆராதனை முடிந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். படுக்கையைக் கழற்றிவிட்டு இரண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். கக்கூஸ் முழுக்கத் துண்டுப் பிரசுரக் கட்டுகள். அகலமான படிக்கு மேலே மைக் மாட்ட ஒரு கம்பி. என் முழங்கைக்கு அளந்த மேடையில் ஸ்பீக்கர் பெட்டி உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சண்டை போட அல்ல, ஆறுதலுக்காகத்தான் கேட்டேன். “ஸ்டென்ட் வைக்கதுக்கு முந்தியா நேர்ந்திய, பொறவா?”

“அதுக்கு இல்லட்டி,” என்றார்.

“பின்ன எதுக்காக்கும்?”

பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். “மகளுக்குப் படிப்பு முடியாம கெடந்துல்லா. உனக்கு கான்ட்ராக்ட் முடியப் போற சமயம். ரெண்டு வருஷம் கூட்டிக் கிடைக்கணும்னு கேட்டேன். கிடைச்சா, நீ வந்து வாங்குக அந்த வண்டியைத் தாரேன்னேன்.”

அந்தச் சமயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐம்பது தாண்டிய நர்ஸுகளை எல்லாம் ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு. மற்றவர்கள் அழுதார்கள். நான் யாருக்கும் தெரியாமல் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன். கடைசியில் எங்கள் வார்டில் என் ஒருத்தி பெயருக்கு மட்டும் இரண்டு வருஷம் நீட்டிப்பு வந்தது. ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆண்டவருடைய சித்தம் என்று போனில் என்னைத் தேற்றியவர் இவர்தான்.

“உங்களுக்குண்ணு ஒரு ஸ்கூட்டர் இருந்துல்லா? அதை நேர்ந்திருக்கலாம்லா?”

“அது பழசுல்லா,” என்றார்.

அந்த இரண்டு வருஷமும், தினமும் போனை எடுத்தவுடன் “எப்பம் வருவ?” என்றுதான் அவர் முதலில் கேட்பார்.