ஏழாம் நம்பர் அறைச் சாவி

போன பங்குனிப் பௌர்ணமிக்கு முந்தைய நாள் நடந்தது இது. திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் இருக்கும் ஒரு சின்ன விடுதியில் வரவேற்பு மேசை வேலை எனக்கு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். கதவைப் பூட்டிவிட்டு நான்கு முறை இழுத்துப் பார்க்கிற ரகம்.

வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டு, எங்கள் விடுதிக்காக ஓர் ஆண்ட்ராய்டு செயலி எழுதியிருந்தேன். எந்த அறை காலி, எது சுத்தமாகிவிட்டது என்று அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காக்கள் போனிலேயே பார்க்கலாம். முதலாளி ஒரே வார்த்தையாகச் சொல்லியிருந்தார்: "பௌர்ணமி வரைக்கும் பாக்கலாம்மா. சரிவரலன்னா பழைய நோட்டே போதும்."

அன்று பத்து மணிக்கே செயலி இழுக்க ஆரம்பித்தது. அப்புறம் தானாக மூடிக்கொண்டது. திறந்தால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி மூடும். படிக்காதவளுக்கு எதற்கு இந்த வேலையெல்லாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஏழாம் நம்பரில் தங்கியிருந்தவர் அறைச் சாவியோடு கிளம்பிப் போய்விட்டார். மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்தது. அடுத்த குடும்பம் பைகளோடு வாசலில் நின்றது. துடைப்பத்தோடு நின்ற அக்கா சலித்துக்கொண்டார்: "ஆளு போயிட்டாரு. ரூம் மட்டும் அவரு பாக்கெட்லயே கீது."

எனக்குப் பொறி தட்டியது.

செயலியில் கான்டெக்ஸ்ட் என்று ஒன்று உண்டு; தான் எங்கே ஓடுகிறோம் என்பதை ஒரு பகுதிக்குக் காட்டும் சாவி மாதிரி. ஒவ்வொரு திரைக்கும் தனியாக ஒன்று. திரை மூடினால் அதுவும் போய்விட வேண்டும். செயலி முழுவதற்கும் பொதுவாக இன்னொன்று. செயலி ஓடும்வரை இருக்கும். அறை காலியானால் மணி அடிக்கும் பகுதி எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது. திறந்த ஒவ்வொரு திரையின் கான்டெக்ஸ்டையும் நான் அதன் கையில் கொடுத்துவைத்திருந்தேன். ஏழாம் நம்பர் அறை மாதிரியே, மூடிய திரை ஒன்றுகூடக் காலியாகாமல் போனின் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

பயத்தில் எல்லா இடத்திலும் பொதுவானதையே போட்டுவிட்டேன். அக்கா போனை வாங்கிப் பார்த்தார். 'சுத்தம் முடிந்ததா?' என்று கேட்கும் சின்னப் பெட்டி வர வேண்டிய இடத்தில் செயலியே மூடிக்கொண்டது.

"காலையிலயாவது கொஞ்ச நேரம் ஓடுச்சும்மா. இப்ப தொட்டாலே ஓடிப்போவுது" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்ததும் பதற்றம் கம்மியானது. அந்தப் பெட்டி ஏதாவது ஒரு திரையின் மேல்தான் நிற்க முடியும். அதற்கு அந்தத் திரையின் கான்டெக்ஸ்டே வேண்டும். மணிக்குப் பொதுவானது, பெட்டிக்குத் திரையுடையது. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தேன். அதற்குள் ஆட்டோக்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஏழாம் நம்பர்காரரிடமிருந்து சாவியை வாங்கி வந்திருந்தார்.

மறுநாள் பௌர்ணமிக் கூட்டம் முழுவதையும் செயலி தாங்கியது. முதலாளி பழைய நோட்டை எடுத்துக் கீழ் டிராயரில் வைத்தார்.

இப்போதும் கதவை நான்கு முறை இழுத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் ஏழாம் நம்பர்காரர் மாதிரி, என்றோ விட்டுவந்த அந்த ஒன்பதாம் வகுப்பின் சாவியை, 'படிக்காதவள்' என்ற நினைப்பை, இத்தனை வருடமாக நானேதான் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.