ஒரு நேரத்தில் ஒரு மருந்து

அச்சுவேலிப் பரியாரி அம்பலவாணர் ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் கொடுப்பார். எந்த மூலிகை நோயைத் தீர்த்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இரத்தக் கழிச்சலால் இளைத்துத் துரும்பான என் மகள் அன்னமுத்துவுக்கு வில்வம்பிஞ்சுத் தூள் கொடுத்தார். பத்தாம் நாள் இரத்தம் நின்றது. எழுதிவைக்க அவர் கொப்பியை விரித்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை.

“பரியாரியார், பயத்திலை மாதுளம்பழக் கோதும் அவிச்சுக் குடுத்தனான்.”

“உனக்கு விசரே! இனி எந்த மருந்து கேட்டதெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?”

இரண்டையும் நிறுத்தினார். மூன்றாம் வாரம் இரத்தம் திரும்பியது. வில்வத்தை மட்டும் கொடுத்தார். நின்றது. பிறகு வரவேயில்லை.

இப்போது அன்னமுத்துவும் தாயாகிவிட்டாள். நேற்று என் மடியில் கிடந்த பேரனைப் பார்க்கப் பரியாரியார் வந்தார்.

“பெடியனுக்கு என்ன குடுக்கிறியள்?”

“தாய்ப்பால் மட்டுந்தான்.”

“கள்ளமாய் வேறை ஒண்டும் இல்லையே?”

“சத்தியமாய் இல்லை, பரியாரியார்!”