காய்ச்சலுக்கு ஐந்து நாள் முன்னால்

1. ஐஸ் பெட்டி

எங்கள் பிளாண்டுக்கு அதுவரை யாரும் ஐஸ் பெட்டியோடு வந்ததில்லை. மோட்டார் மெக்கானிக் வருவார். சேற்றை அள்ளிப்போக லாரி வரும். குடியிருப்பவர்கள் யாரும் இறங்கி வரமாட்டார்கள். கார் நிறுத்தும் இடத்துக்கும் கீழே இருக்கிறது பிளாண்ட். அந்தப் பக்கம் கடக்கும்போதே துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வார்கள்.

படூரில் நானூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு அது. நான் அங்கே எஸ்.டி.பி. ஆபரேட்டர், அதாவது கழிவுநீரைச் சுத்தம் செய்கிறவன். நானூறு வீட்டுக் கழிவுநீரும் ஒரே தொட்டியில் வந்து விழும். குப்பையைத் தடுத்து, காற்று ஊதி, படியவைத்து, வடிகட்டி, செடிகளுக்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலைதான்.

கொரோனாவின் இரண்டாம் அலை அடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அசோசியேஷன் செக்ரட்டரி சபாபதி சார் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். பெயர் நித்யா. கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். கையில் நீல நிற ஐஸ் பெட்டி.

"அண்ணா, வாராவாரம் திங்கக்கிழமை உள்ள வர்ற தண்ணியில ஒரு பாட்டில் வேணும். மருந்து எதுவும் கலக்காததா இருக்கணும்" என்றார்.

"இன்னாத்துக்கு மேடம்?"

"கொரோனா இருக்கான்னு பார்க்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கக்கூஸ் தண்ணியிலயா? அது இருமல்ல இல்ல வருது?"

"வயித்து வழியாவும் வெளிய போகும்ணா. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே சிலருக்குப் போக ஆரம்பிச்சிடும். ஆளுக்கே தெரியாது. தண்ணிக்குத் தெரியும்."

சபாபதி சார் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் சிரிக்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2. காலை ஏழே முக்கால்

எப்போது எடுக்க வேண்டும் என்று நித்யா ஒரு அட்டவணை வைத்திருந்தார். அதை நான் மாற்றச் சொன்னேன்.

இந்த வேலையில் இருப்பவனுக்குக் குடியிருப்பின் நடமாட்டம் முழுவதும் தண்ணீரில் தெரியும். காலை ஏழே முக்காலுக்குத் தண்ணீர் இரைந்துகொண்டு வரும். ஆபீஸ், ஸ்கூல் நேரம். ஞாயிற்றுக்கிழமை அதே இரைச்சல் ஒன்பதரைக்கு. தீபாவளியன்று எண்ணெய் மிதக்கும். ஊரடங்கின்போது அந்த இரைச்சலே இல்லாமல், நாள் முழுக்க ஒரே அளவாக ஓடியது. எல்லோரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று டி.வி. பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

ஆறு மணி முதல் பத்து மணி வரை, அரை மணிக்கு ஒரு டம்ளர் வீதம் எடுத்து ஒன்றாகக் கலந்து, உடனே ஐஸில் வைப்பது என்று முடிவு செய்தோம்.

பதினோரு வாரம் எடுத்தேன். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் நித்யாவிடமிருந்து ஒரே வார்த்தை வரும்: "இல்லை." என் மனைவி கேட்பாள், "இல்லாததயே எத்தினி வாரம் தேடிக்கினு இருப்பீங்க?"

3. முப்பத்துமூன்று

பன்னிரண்டாவது செவ்வாய்க்கிழமை, நித்யா செய்தி அனுப்பாமல் போன் செய்தார்.

"அண்ணா, முப்பத்துமூணு வந்திருக்கு."

"அது இன்னா மேடம், நல்லதா கெட்டதா?"

மெஷினில் எத்தனை சுற்றுக்குப் பிறகு கிருமி தெரிகிறது என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறைய கிருமி அதிகம். ஒன்று குறைந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

"சாம்பிள் சரியாத்தானே எடுத்தீங்க?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் திங்கட்கிழமை தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயரின் பெல்ட் அறுந்துபோனது. அதை மாட்டும் அவசரத்தில் பாட்டிலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியிலேயே வைத்துவிட்டேன். அதைச் சொன்னேன். 

"சொன்னது நல்லதுணா. வெளியில இருந்தா கிருமி கொறஞ்சுதான் போயிருக்கும். நாளைக்கே இன்னொன்னு எடுங்க."

புதன்கிழமை காலை ஆறு மணியிலிருந்து பத்து வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. டீ கூடக் குடிக்கவில்லை. வியாழக்கிழமை மதியம் பதில் வந்தது. இருபத்தொன்பது.

நான்கு எண் குறைந்திருக்கிறது. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று விரல் விட்டு எண்ணினேன். அண்ணாந்து பார்த்தேன். மேலே நானூறு வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

4. புள்ளிகள்

அன்று சாயங்காலமே நித்யா வந்தார். பம்ப் ரூம் மேஜையில் லேப்டாப்பைத் திறந்து ஆசியா கண்டத்தின் படத்தைக் காட்டினார். வேறொரு கண்டத்தில் தலைகாட்டிய புது வகைக் கிருமி இது என்றார். அதன் அடையாளம் எங்கள் பாட்டிலில் இருந்தது.

"முதல் வாரம் பாருங்க."

மேற்கே, அது தென்பட்ட ஊரில், ஒரே ஒரு சிவப்புப் புள்ளி. அடுத்த வாரம் கிழக்கே கடலோரம் மூன்று. அதற்கடுத்த வாரம் பெரிய விமான நிலையம் உள்ள ஊர்களிலெல்லாம். பிறகு புள்ளிகள் உள்ளே நகர்ந்தன. மலைக்கு அந்தப் பக்கம், பாலைவனத்துக்கு நடுவில், பெயர் கேள்விப்படாத ஊர்களில். ஆறாவது வாரத்தில் படம் முழுக்கச் சிவந்திருந்தது.

நித்யா கடற்கரையோரம் விரலை வைத்தார். "இதுல நம்ம படூர் இன்னும் ஏறல."

நான் வேடந்தாங்கலுக்குப் பக்கத்து ஊர்க்காரன். கண்டம் தாண்டி வரும் பறவைகளை ஒவ்வொரு மார்கழியிலும் பார்த்து வளர்ந்தவன். அவற்றுக்குச் சிறகு இருக்கிறது, வழி தெரியும், ஏரி எங்கே என்று தெரியும். இந்தக் கிருமிக்கு எதுவுமே இல்லை. உயிர் இருக்கிறதா என்பதே சந்தேகம் என்கிறார் நித்யா. ஒருவர் மூச்சிலிருந்து அடுத்தவர் மூச்சுக்கு, அங்கிருந்து இன்னொருவருக்கு. இடையில் ஓர் ஆள் கூட விட்டுப்போகாமல் கைமாறித்தான் இவ்வளவு தூரமும் வந்திருக்க வேண்டும். அப்படி வந்தது, நான் தினமும் சீப்பும் ஷாம்பு பாக்கெட்டும் பொறுக்கும் கம்பி வலையைத் தாண்டி உள்ளே விழுந்திருக்கிறது.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் வந்தது மலைப்புதான். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. மீட்டிங்

அடுத்த வாரம் சனிக்கிழமை கிளப் ஹவுஸில் பொங்கல் விழா. போன வருடம் நடக்காமல் போன விழா. பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் கும்மிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள்.

விழாப் பொறுப்பாளர் பிரபாகர் சார் கொதித்துப்போனார். "ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. சாக்கடையைக் கேட்டுட்டா சார் பொங்கல் வைக்கணும்?"

சபாபதி சார் என் பக்கம் திரும்பினார். "ஏழுமலை, ரெண்டு பாட்டிலும் நீயே எடுத்ததா?"

"ஆமா சார். மொதலது சரியா எடுக்கல. ஐஸ்ல வெக்காம வுட்டுட்டேன். ரெண்டாவது சரியா எடுத்தேன். அதுலதான் ஜாஸ்தியா கீது."

தப்பை நானே சொன்னதும் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். சபாபதி சார் தலையசைத்தார்.

"கல்பாக்கத்துல முப்பது வருஷம் கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு பக்கத்துலதான் வேலை பார்த்தேன்" என்றார். "நாத்தம் கிடையாது, சூடு கிடையாது. மீட்டர் சொன்னா வெளிய வருவோம். உடம்பு சொல்லட்டும்னு நின்னவன் எவனும் இல்ல. விழா வேண்டாம்."

விழா நின்றது. முகக்கவசம் மறுபடி வந்தது. பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு மளிகையை வாசலிலேயே வைத்துவிடும்படி ஏற்பாடு ஆனது. லிஃப்டில் என்னைப் பார்த்து ஒருவர், "உன்னாலதான்யா" என்றார்.

6. மேன்ஹோல்

மீட்டிங்குக்கு மறுநாள், சனிக்கிழமை காலை சபாபதி சார் பிளாண்டுக்கு வந்தார், தனியாக.

"ஏழுமலை, பிளாக் பிளாக்கா மேன்ஹோல் இருக்கே. தனித்தனியா பாட்டில் எடுத்தா எந்த பிளாக்னு தெரிஞ்சிடும். அப்புறம் எந்த வரிசைனு பார்த்தா வீட்டையே பிடிச்சிடலாம் இல்லையா?"

முடியும். ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் எந்தக் குழாய் என்று எனக்கு மனப்பாடம். அந்த வாரம் எந்த வீட்டு முன்னால் ஏர்போர்ட் சீட்டு ஒட்டிய பெட்டிகள் இறங்கின என்பதும் எனக்குத் தெரியும்.

"முடியும் சார். நான் எடுக்க மாட்டேன்."

அவரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் கோபப்படவில்லை, காத்திருந்தார்.

"மொத அலையில எங்க வூட்டு வாசல்ல தகரம் அடிச்சாங்க சார். எனக்கு இருமல் கூட இல்ல, டெஸ்ட்ல வந்துது, அவ்ளோதான். பதினாலு நாள். தகரத்த எடுத்த பின்னாடியும் எம் பொண்டாட்டிக்குக் கடையில சாமான் குடுக்கல. குழாயடில அவ போனா எல்லாரும் குடத்தத் தூக்கினு போயிடுவாங்க. இங்க ஒரு வூட்டு நம்பர் வெளிய வந்துச்சுனா அதேதான் ஆவும். எல்லார் தண்ணியும் ஒண்ணா கலந்து வுழற எடத்துலதான் நான் பாட்டில வுடுவேன்."

ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. சார் தொட்டியின் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, "வீடு தெரிஞ்சாலும் நாம செய்யப் போறது இதேதானே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "சரி. கலக்கற இடத்துலயே எடு" என்று படியேறிப் போனார்.

7. செவ்வாய்க்கிழமை

முதல் காய்ச்சல் செவ்வாய்க்கிழமை வந்தது, இருபத்தொன்பது என்ற எண் வந்து ஐந்தாவது நாள். பி பிளாக்கில் இரண்டு குழந்தைகளுக்கு. மறுநாள் மூன்று வீடு. சனிக்கிழமை, பொங்கல் பானை வைத்திருக்க வேண்டிய அதே நாளில், எல்லா பிளாக்கிலும் இருந்தது. கும்மி ஒத்திகை பார்த்தவர்களில் ஒருவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு நாளில் நடந்தே திரும்பி வந்தார். மற்றவர்கள் வீட்டிலேயே தேறினார்கள்.

ஒரு நாள் பிரபாகர் சார் முகக்கவசத்தோடு பிளாண்டுக்கு இறங்கி வந்தார். பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"இதுலயா இருந்தது?"

"இதுலதான் சார். இப்பவும் கீது."

நுரையைப் பார்த்தபடி நின்றார். "நானூறு வீடும் இதுலதான் இருக்கு, இல்ல?" என்றார். அவர் குரல் தணிந்திருந்தது.

மேலே இன்னும் புதிது புதிதாகக் காய்ச்சல் வந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நித்யா போன் செய்தார். "கிருமி இறங்குதுணா." எண் முப்பத்தொன்றுக்கு ஏறியிருந்தது. அடுத்த வாரம் முப்பத்துநான்கு. யாருக்கும் தெரியாத நல்ல செய்தி என்னிடம் இருந்தது. ப்ளோயரை நிறுத்திவிட்டு, சும்மா ஓடிவரும் தண்ணீரின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

8. கேள்வி

பிறகு நித்யாவின் ஆராய்ச்சிக் குழுவினர் இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளின் ஆபரேட்டர்களைக் கூட்டி, சாம்பிள் எடுக்கும் முறையை என்னை விளக்கச் சொன்னார்கள். ஐஸ், நேரம், பாட்டில் எல்லாம் சொன்னேன். தப்பாக எடுத்தால் தப்பாக எடுத்தேன் என்று சொல்லிவிட வேண்டும், அதுவும் முறையில் சேர்ந்ததுதான் என்றும் சொன்னேன்.

கேளம்பாக்கத்திலிருந்து வந்தவர் ஒருவர் கை தூக்கினார். என் வயதுதான் இருக்கும்.

"அண்ணாத்த, எந்த வூட்லருந்து வந்துதுன்னு கடைசி வரிக்கும் தெரியலியா?"

"தெரிஞ்சுக்கல" என்றேன். "எப்ப வந்துதுன்னு தெரிஞ்சுது. நம்ம வேலைக்கு அது போதும்."