ரோட்டிலிருந்து எடுத்த வளைகாப்பு

அக்காவுக்கு வளைகாப்பு நாள் குறித்ததும் மாமா வளைகுடாவிலிருந்து போன் செய்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் ஷிப்ட் வேறு. சைட்டுக்குள் போன் கொண்டு போக விடமாட்டார்கள்.

"மச்சான், அவ மூஞ்சி நல்லா தெரியிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. வேற ஒண்ணும் வேணாம்."

இதற்கு ஒரு போனே போதும். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்து, டிப்ளமோவும் முடித்த முதல் ஆள் நான். எல்லாரையும் போல நானும் போனைத் தூக்கிப் பிடித்தால், படித்ததற்கு என்ன மரியாதை? போனஸில் கேமரா வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அங்கே எதை வாங்கினாலும், நாலு கம்பெனிப் பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மார்க் போடுவோம். கேமராவுக்கும் கம்பெனி பஸ்ஸில் போக வர உட்கார்ந்து மார்க் போட்டேன். புதுசு எதுவும் போனஸுக்குள் அடங்கவில்லை. கடைசியில் சென்னையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் போய் நின்றேன்.

கேமராவோடு ஒரு லென்ஸ்தான் என் பட்ஜெட்டில் வரும். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். குட்டை லென்ஸில் 18–55 என்று போட்டிருந்தது. நீள லென்ஸில் 55–250.

"ஊட்டுக்குள்ள எடுக்கவா, வெளிய எடுக்கவா?"

"எல்லாத்துக்கும்ணா," என்றேன், விவரமானவன் போல.

அவர் டீயைக் குடிக்கப் போய்விட்டார். நான் மார்க் போட்டேன். எங்கள் கம்பெனியில் பெரிய எண் என்றால் பெரிய மார்க். இருநூற்றைம்பதுக்கு முன்னால் ஐம்பத்தைந்து ஃபெயில். நீளத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சோழவரம் ஏரிக்கரையில் வைத்து சோதனையும் செய்தேன். அக்கரையில் உட்கார்ந்திருந்த நீர்க்காகத்தின் கண் தெரிந்தது. வீட்டில் காட்டியதும் அம்மா அசந்துபோய், "காக்காவே இப்படி இருக்குதுன்னா உங்க அக்கா எப்படி இருப்பா!" என்றாள்.

வளைகாப்பு அக்காவின் மாமியார் வீட்டில். சின்ன ஹால். ஆரம்பிப்பதற்கு முன் நான் எழுந்து நின்று ஒரு அறிவிப்பு செய்தேன். "யாரும் போன்ல எடுக்காதீங்க. கேமராவுக்குக் குறுக்க வரும்."

அம்மா உடனே, "படிச்ச புள்ள சொல்லுது இல்ல, உள்ள வைங்கம்மா," என்றாள். அத்தனை பெண்களும் போனைப் பைக்குள் போட்டார்கள். அன்றைக்கு ஒருத்தியாவது என் பேச்சைத் தட்டியிருக்கக் கூடாதா!

கேமராவைக் கண்ணில் வைத்தேன். ஏரிக்கரையில் 250-க்குத் திருப்பிய லென்ஸ் அங்கேயே இறுகிப்போய், எவ்வளவு திருகியும் குறையவில்லை. அக்காவின் மூக்குத்தி தெரிந்தது. மூக்குத்தி மட்டும். பின்னால் நகர்ந்தேன், ஒரு கன்னம் வந்தது. சுவரில் முதுகு முட்டியபோது மூக்கும் வாயும் சேர்ந்திருந்தன. வாசல்படியைத் தாண்டினேன்.

"இன்னா தம்பி, கேமராவ எடுத்துக்கினு எங்க போற?" என்றார் அக்காவின் மாமியார். "பந்தி இங்கதான்."

"ஆங்கிள் அத்தை," என்றேன்.

ரோட்டுக்கு வந்தபோது அக்கா முழுதாக வந்தாள். ஆனால் நடுவில் சந்தனம் பூசும் பெண்களின் முதுகுகள். எதிர்வீட்டு வெளிப்படிக்கட்டில் பாதி ஏறினால் ஜன்னல் வழியாக நேராகத் தெரிந்தது. அங்கேயும் முதுகு வந்து வந்து மறைத்தது. உள்ளே பாடிய பாட்டுக்குப் பதிலாக என் கேமராவில் பழைய இரும்பு வாங்குபவரின் மைக் பதிவாகிக்கொண்டிருந்தது. விலகுகிற நேரத்தில் தெரிந்த அக்காவின் முகமும் சரியில்லை. காலையிலிருந்தே உம்மென்றுதான் இருந்தாள். கண்ணாடி வளையல் இரண்டு கையிலும் ஏறுகிறது, அவள் சுவரைப் பார்க்கிறாள். மாமா கேட்ட ஒன்றே ஒன்று அந்த முகம். இதையா அனுப்புவது?

அப்போது காற்றடித்தது. எதிர்வீட்டுக்காரம்மா படிக்கட்டுக் கைப்பிடியில் காயப்போட்டிருந்த ஈரப் பாவாடை பறந்து வந்து என் தலையில் கவிழ்ந்தது. கேமராவை மட்டும் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டேன். பாவாடைக்குள்ளிருந்து, "தள்ளிக்கோங்க, தள்ளிக்கோங்க!" என்று கத்தினேன்.

யார் இப்படிக் கத்துவது என்று பெண்கள் திரும்பிப் பார்த்து இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அக்காவும் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வளையல் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

அன்று எடுத்ததில் தேறியது அந்தத் துண்டு மட்டும்தான். அதை அனுப்பினேன். ஷிப்ட் முடிந்ததும் மாமா கூப்பிட்டார்.

"மச்சான்... எதைப் பாத்துடா இப்படி சிரிக்கிறா?"

"நீங்க வந்த மாதிரி நெனச்சுக்கினு இருப்பா மாமா," என்றேன்.

அக்கா அன்றைக்கே மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். இப்போதெல்லாம் மாமா போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை.

"மச்சான், இன்னைக்கு யார் ஊட்டுப் படியில நிக்கிற?"